பாம்பென்று அழைத்த வீடு

புதிதாக நிலையத்துக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, தீயணைப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதைப் பயிற்சியிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருப்பார்கள். மதுரையைச் சுற்றி இந்த வேலையில் இருப்பவனுக்கு நெருப்பைவிட அதிகமாக வருவது பாம்பு அழைப்புதான். நாலு சொட்டு மழை விழுந்தால் போதும், போன் அலறும். கண்மாயில் பாதியை பிளாட் போட்டு வாங்கிக் குடியேறிவிட்டு, மீதிப் பாதியில் இருப்பதெல்லாம் ஏன் வீட்டுக்குள் வருகிறது என்று நம்மிடம் கோபிப்பார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

பாம்பைப் பிடிக்கப் போய்ப் போய், பார்க்கப் பழகிவிட்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. ஒரு வீட்டைச் சுற்றி நிதானமாக ஒருமுறை நடந்து பாருங்கள். மீட்டர் பெட்டிக்குள் பல்லி முட்டை இருக்கும். துவைக்கிற கல்லுக்கு அடியில் அரணை பளபளவென்று ஓடும். பூந்தொட்டியைத் தூக்கினால் தேரை ஒன்று, யாருடா அது என்பதுபோல் பார்க்கும். முருங்கை மரத்தில் பச்சோந்தி நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும், நாம்தான் அதைப் பார்த்திருக்க மாட்டோம். இதையெல்லாம் பார்க்கத் தெரிந்தவனுக்குப் பாம்பு எங்கே இருக்கும் என்பது பாதி தெரிந்த மாதிரிதான்.

எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன். போனில் சொல்வதைப் பாதி நம்பு, வீட்டில் சொல்வதைக் கால்வாசி நம்பு, உன் கண் பார்த்ததை மட்டும் வெளியே சொல். இந்த விதியை வைத்து ரொம்பக் காலம் நிம்மதியாக ஓட்டினேன். அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டது ஒரு நிச்சயதார்த்த வீடு. அதைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லி முடித்ததும் உங்களுக்கு ஏதாவது விளங்கினால் எனக்கும் சொல்லுங்கள்.

ஒரு காலை நேரம். முதல் நாள் நல்ல மழை. போனில் ஓர் ஆண் குரல், ரகசியம் பேசுவதுபோல.

“சார், வீட்டுல பாம்பு. சீக்கிரம் வாங்க. சைரன் போடாம வாங்க சார், புண்ணியமாப் போகும்.”

பாம்புக்கு நாங்கள் எப்போது சைரன் போட்டோம் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார். எங்கள் ஓட்டுநர் செல்வம், எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன். “என்னண்ணே, பாம்பு தூங்குதாமா?” என்றபடி வண்டியை எடுத்தான்.

நகரத்துக்கு மேற்கே, கண்மாய்க் கரையை ஒட்டிய ஒரு காலனி. வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், உள்ளேயிருந்து கேசரி வாசனை. போன் பேசியவர் மொடமொடவென்று வெள்ளை வேட்டியும் நெற்றியில் வேர்வையுமாக ஓடி வந்தார். பெயர் தவமணி. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“அண்ணே, மகளுக்கு இன்னைக்கு நிச்சயம். எழுமலையில இருந்து மாப்ள வீட்டுக்காரக கெளம்பி வந்துக்கிட்டு இருக்காக. அவுக வாரதுக்குள்ள கமுக்கமாத் தூக்கிட்டுப் போயிருங்க. போன தடவ பொண்ணு பாக்க வந்தவுக, படியேறும்போது கரண்டு போச்சுன்னு சகுனம் பாத்து வேணாம்னுட்டாக. இதுவும் கெட்டுச்சுன்னா எம் பொண்டாட்டி தாங்க மாட்டா.”

கரண்டு போனதற்கே சம்பந்தம் முறிந்திருக்கிறது. இது பாம்பு. எனக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது. வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். என்ன நிறம், எவ்வளவு தடிமன், எந்தப் பக்கம் போனது?

“கருப்புண்ணே. கை தண்டி இருக்கும்” என்றார் தவமணி, என் முகத்தைப் பார்க்காமல்.

“கருப்பா? பச்சைல மஞ்சப் புள்ளியில்ல போட்டிருந்துச்சு” என்றார் அவர் மனைவி பேச்சியம்மாள். பட்டுச் சேலையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “எம்புட்டு இருக்கும்மா?” என்று கேட்டேன். “இம்புட்டுத்தேன்” என்று இரண்டு கையாலும் வட்டமாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் காட்டினார். சுருண்டு கிடந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் பெண்ணின் சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “நான் கண்ணால பாத்தேண்ணே! நல்ல பாம்பு. ஒரு ஆள் உசரத்துக்குப் படம் எடுத்து நிக்குது. நாந்தேன் ஒத்தையில வெரட்டி பாத்ரூமுக்குள்ள தள்ளுனேன்.”

“ஓடுச்சா, ஊர்ந்துச்சா?” என்று பேச்சியம்மாளைத் திரும்பக் கேட்டேன்.

“மெதுவா நடந்து போச்சு” என்றார் அந்த அம்மா.

செல்வம் என்னைப் பார்த்தான். நான் செல்வத்தைப் பார்த்தேன். தவமணி மனைவியை முறைத்தார்.

நடந்து போகிற பாம்பா? உடும்பாக இருக்குமோ? உடும்பு எங்கே வட்டமாக இருக்கிறது? கருப்பு ஒன்று, பச்சை ஒன்று, படமெடுத்தது ஒன்று என்று மூன்று உருப்படி உள்ளே இருக்கிறதா? எனக்குத் தலை சுற்றியது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். ஒருவர் நல்ல பாம்பு என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள் சின்னப் பிள்ளைகள் கால் சலங்கையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னது நூற்றில் ஒரு பங்கு உண்மையாக இருந்தாலும் நான் சும்மா இருக்க முடியாது.

“எல்லாரும் வெளியே போங்க” என்றேன்.

“அண்ணே, தெருவே வேடிக்கை பாக்குமே!” என்று தவமணி கிட்டத்தட்ட அழுதார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். பட்டுச்சேலைகள், பிள்ளைகள், கேசரி கிண்டிய சமையல்காரர் எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். கடைசியாக, பாதிப் பூ வைத்த சடையோடு கல்யாணப் பெண் கார்த்திகா வந்தாள். என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “அப்புறம் பேசிக்கலாம்மா, மொதல்ல வெளிய போ” என்று நான் அவளை அனுப்பிவிட்டேன். அக்கம்பக்கத்து வீடுகளில் செல்போன்கள் மாடியேறின. சொல்லி வைத்தாற்போல, தெரு முனையில் எழுமலை வண்டிகள் இரண்டும் திரும்பின.

நான் பாம்பு பிடிக்கும் கொக்கியோடு உள்ளே போனேன். குளியலறை வாசலில் ஒரு தேரை சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. பாம்பு இருக்கிற இடத்தில் தேரை இப்படிக் கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி உட்காராதே என்று தோன்றியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று கவிழ்த்திருந்தது. அதன்மேல் ஒரு குடம் நிறையத் தண்ணீர். நல்ல பாம்பின்மேல் டப்பாவைக் கவிழ்த்து, பொறுமையாகக் குடத்தையும் தூக்கி வைத்தவர் யார்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே டப்பா, குடத்தோடு சேர்ந்து, கொஞ்சம் நகர்ந்தது.

குடத்தை இறக்கிவிட்டு, தள்ளி நின்றுகொண்டு, கொக்கியால் டப்பாவை நெம்பினேன். உள்ளேயிருந்து ஒரு கழுத்து நீண்டது. பன்றி மூக்கு மாதிரி ஒரு மூக்கு. பச்சை முதுகு, அதில் மஞ்சள் புள்ளிகள். பாலாமை. நம் கண்மாய்களில் சேற்றுக்குள் கிடக்குமே, அதுதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வெட்கமாக இருந்தது. பச்சை நிறம், மஞ்சள் புள்ளி, தட்டு அளவு, மெதுவாக நடந்தது என்று பேச்சியம்மாள் பார்த்தது பார்த்தபடி சொல்லியிருக்கிறார். பாம்பு என்ற ஒரு சொல்லை மண்டையில் ஏற்றிக்கொண்டு வந்ததால் எனக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை.

சைரன் வேண்டாம் என்றதற்கும் அர்த்தம் விளங்கியது. நம் பக்கத்தில் பாம்பு வந்தால், அம்மன் வந்திருக்கிறாள் என்று பால் ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆமை வந்தால் அந்தக் குடும்பம் விளங்காது என்று நடுங்குகிறவர்கள் அதைவிட அதிகம். நிச்சயதார்த்தத்தன்று ஆமை! அந்தச் சொல்லைப் போனில் சொல்லக்கூட மனிதருக்கு வாய் வரவில்லை.

தவமணி பின்பக்க வாசலில் வந்து நின்றார். “பாத்துட்டீகளா? நாந்தேன் டப்பாவக் கவுத்துக் கொடத்த வச்சேன். பாம்புன்னே சொல்லிருங்கண்ணே. எம் மகள உங்க பிள்ளையா நெனச்சுக்கங்க.”

பாம்புப் பையின் வாய் ஆமைக்குப் போதவில்லை. ஓர் அரிசிச் சாக்கை நனைத்து அதில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அதுவரை எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், நேரே வண்டியில் ஏறிவிடலாம் என்று. வாசலில் இரண்டு வீட்டாரும் தெருக்காரர்களும் சேர்ந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நின்றார். கனத்த குரல், அதைவிடக் கனத்த தோடு.

“என்ன பாம்பு தம்பி?”

என் கையில் சாக்கு, உள்ளே தேங்காய் போட்ட மாதிரி உருண்டையாகத் தொங்கியது. “சுருண்டு கெடக்கு பாருங்க, நல்ல பாம்பு!” என்றார் சித்தப்பா. “ஒரு தடவ காட்டுங்கண்ணே” என்று மாடியிலிருந்து செல்போன்கள் கத்தின. தவமணியின் கண் என்னையே கும்பிட்டது. பாம்பு என்றால் ஒரு குடும்பம் தப்பிக்கும். ஆனால் நான் பார்த்தது ஆமை. சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெருப்புக்குள் போன அன்றுகூட எனக்கு இப்படி ஆனதில்லை.

“அது பாம்பு இல்ல அத்த” என்று ஒரு குரல் கேட்டது. கார்த்திகா. “ஆமை. நாந்தேன் நேத்து சாயங்காலம் கண்மாய் ரோட்டுல இருந்து தூக்கியாந்தேன். லாரி ஏறிரும் போல இருந்துச்சு. காலையில கொண்டுபோய் விட்ருவோம்னு வாளிக்குள்ள வச்சிருந்தேன், அது ஏறிக் குதிச்சிருச்சு. அம்மாவுக்குத் தெரியாது.”

“அடியாத்தி!” என்று பேச்சியம்மாள் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். எழுமலைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாம்பூலத் தட்டு வைத்திருந்தவர்கள் அதை வண்டியில் திரும்ப வைப்பதா, கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு ஆரம்பித்தது பாருங்கள் ஒரு வழக்கு!

“ஆமை வீட்டுக்குள்ள வந்துருச்சா இல்லையா?”

“பாத்ரூம்தேன. பாத்ரூமு வீட்டுக் கணக்குல வராது.”

“வீட்டோட சேந்த பாத்ரூமா, வெளிய கட்டுனதா?”

“நெலப்படி தாண்டுச்சா? அதுதேன் கேள்வி.”

“அதுவா தாண்டலையேப்பா, இந்தப் பிள்ளையில்ல தூக்கியாந்திருக்கு. தூக்கியாந்தா வந்த கணக்கா?”

ஒருவர் என்னிடமே திரும்பினார். “சார், நீங்க கவர்மென்ட் ஆளு. பாத்ரூம் வாசல்ல நெலப்படி இருந்துச்சா?” நான் தேரையைப் பார்த்தேன், டப்பாவைப் பார்த்தேன், நிலைப்படியைப் பார்த்தேனா என்று எனக்கே நினைவில்லை. கார்த்திகா தலையைக் குனியவில்லை. ஆனால் அவள் கை, பாதிப் பூச்சரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கையை உயர்த்தினார். எல்லோரும் வாயை மூடினார்கள். “ஆமையாம் ஆமை. எங்க தோட்டத்துக் கெணத்துலயே ரெண்டு கெடக்கு. தண்ணி கண்ணாடியா இருக்கு. இதையும் குடுங்க தம்பி, மூணாப் போட்டு வச்சுருவோம். மருமக கொண்டுவந்த சீருன்னு இருக்கட்டும்.”

அப்பாடா! கூட்டம் மூச்சு விட்டது. தவமணி வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, என்னைத் தவிர. பாலாமையைப் பிடித்து வளர்ப்பது சட்டப்படி குற்றம், கிணற்றில் போடுவதும்தான். நான் சீருடையில் நிற்கிறேன். சாக்கை நீட்டினால் எல்லோருக்கும் சந்தோஷம். செல்வம் பின்னாலிருந்து முதுகில் கிள்ளினான். “அண்ணே, குடுத்துட்டு வாங்கண்ணே, ஊமையா இருங்க.”

“அம்மா, தர முடியாது. சட்டப்படி இதைக் கெணத்துல போடக்கூடாது. கண்மாயிலதான் விடணும்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. “அப்ப எங்க கெணத்தையும் வந்து சோதனை போடுவீகளோ?”

சகுனம் கெடுக்காததை நான் கெடுத்துவிட்டேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் கேட்டார்கள் என்னை? தட்டு வைத்திருந்தவர்கள் மறுபடியும் வண்டியைப் பார்த்தார்கள்.

“அத்த” என்றாள் கார்த்திகா. “அது வயித்துல முட்டையோட இருக்கும். மழை பேஞ்சா முட்டை போட எடம் தேடித்தேன் கரையேறி வரும். கெணத்துல போட்டா எங்கிட்டுப் போய் முட்டை போடும்?”

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆமாவா தம்பி? வயித்துல முட்டை இருக்கா?”

எல்லாக் கண்ணும் என் மேல். நான் சாக்கைத் திறந்து பார்த்தேன். ஆண் பாலாமைக்கு வால் நீளமாக, தடித்து இருக்கும். பெண்ணுக்குக் குட்டை. வாலைப் பார்த்தால் சொல்லிவிடலாம். ஆனால் அது தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்து, அடியில் இருக்கிற மடிப்புகளால் கதவு சாத்தியதுபோல் மூடிக்கொண்டு கிடந்தது. ஆமாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. பார்க்காததை எப்படிச் சொல்வது?

“தெரியலம்மா. மூடிக்கிட்டுக் கெடக்கு. இருந்தாலும் இருக்கும்.”

இதைவிட மோசமான பதில் உலகத்தில் இல்லை என்று அப்போது நினைத்தேன். அந்த அம்மா சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பேச்சியம்மாள் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார்.

“என்ன மதினி உக்காந்திருக்கீக? வயித்துப் பிள்ளைக்காரி வாசலேறி வந்திருக்கா, வெறுமனயா அனுப்புவீக? மஞ்சக் குங்குமம் எடுத்துட்டு வாங்க!”

பேச்சியம்மாள் எழுந்து ஓடினார். சாக்கின் வாயை நான் விரித்துப் பிடித்தேன். மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பச்சை முதுகில் மஞ்சளைத் தடவி, குங்குமம் வைத்து, கார்த்திகாவுக்கு வைத்ததில் மிஞ்சிய மல்லிகையில் ஒரு துண்டு கிள்ளிப் போட்டார். “சூதானமா விடுங்க தம்பி, தூக்கிப் போட்றாதீக” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். தட்டுகள் வீட்டுக்குள் போயின. செல்வம் கேசரி வாங்காமல் வண்டியை எடுக்க மறுத்தான்.

வனத்துறைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, அதே கண்மாயின் கரையில் இறக்கிவிட்டோம். கொஞ்ச நேரம் கல்லாகக் கிடந்தது. நாங்கள் தள்ளிப் போய்க் குத்தவைத்துக் காத்திருந்தோம். மெல்லத் தலை வந்தது, கால்கள் வந்தன, கடைசியாக வால் வந்தது. நீளமான, தடித்த வால்.

“அண்ணே!” என்று செல்வம் கரையிலேயே உருண்டான். “மஞ்சக் குங்குமம் வாங்கிட்டுப் போறது ஆம்பளைண்ணே!”

நெற்றி நிறையக் குங்குமம் வைத்த மாதிரி முதுகோடு அந்த ஆண்பிள்ளை தண்ணீரில் இறங்கி மறைந்தது. செல்வம் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்த்ததை மட்டும் சொல் என்பது என் விதி. இதோ பார்த்துவிட்டேன். இப்போது போய்ச் சொல்ல வேண்டுமா? சொன்னால் அந்த வீடு என்ன ஆகும்? சொல்லாவிட்டால் நான் யார்? சொல்லாமலே நாள் ஓடியது, கல்யாணமும் நடந்தது. எழுமலைப் பக்கம் போகிற பேருந்தைப் பார்த்தாலே எனக்கு இந்தக் கேள்விதான் வரும்.

அடுத்த மழைக்காலத்தில் தவமணி பலகாரத் தட்டோடு நிலையத்துக்கே வந்து, மகள் வளைகாப்புக்கு அழைத்தார். போகாமல் இருக்க முடியவில்லை. போய் நடையில் கால் வைத்ததும் எழுமலை அம்மாவின் குரல், அத்தனை பெண்கள் நடுவில்: “வாங்க தம்பி! அந்த வயித்துக்காரி நல்லபடியா முட்டை போட்டுச்சா?”

“கண்மாயில நல்லா எறங்குச்சும்மா” என்றேன். அது நான் பார்த்ததுதான்.

“பாத்தீகளா, அது வந்த நேரந்தேன்” என்று அவர் மருமகளின் கன்னத்தில் சந்தனத்தைப் பூசினார்.

கிளம்பும்போது கார்த்திகா, கை நிறைய வளையலோடு, புளியோதரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சார், வாலைப் பாத்தீங்களா?”

திடுக்கிட்டேன். “பாத்தேம்மா. கண்மாயில பாத்தேன்.”

“நான் ரோட்டுலயே பாத்துட்டேன்” என்றாள்.

திட்டுவதா, சிரிப்பதா, கும்பிடுவதா? பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் பார்த்ததைச் சொல்லவில்லை, நான் பார்க்காததைச் சொல்லவில்லை, இரண்டும் சேர்ந்து அந்த வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது. இதில் உங்களுக்கு என்ன பாடம் எடுத்துக் கொடுப்பது என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. பாம்பு என்று போன் பேசியவர், சைரன் போடாமல் வாங்க என்று கெஞ்சினால், கொக்கியோடு ஒரு சாக்கையும் நனைத்து எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பெண் ஏதாவது சொல்ல வந்தால், அவளை வெளியே அனுப்பாதீர்கள், நின்று கேளுங்கள்.